கேள்வியும் கோணல், பதிலும் கோணல்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: முக்கோணம் ஒன்றை வரைந்து 'எக்ஸைக் காண்க' என்றதற்கு, எக்ஸைச் சுற்றி வட்டம் போட்டு 'இதோ இருக்கிறது' என்று ஒரு மாணவர் எழுதிய படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே. இவையெல்லாம் நிஜமாகவே தேர்வில் எழுதப்பட்டவையா?

பதில்: சில நிஜம். பல, ஆற அமர உட்கார்ந்து தயாரித்தவை. முதலில் கேள்வியைப் பாருங்கள். அச்சான வினாத்தாளில் பெரும்பாலும் 'எக்ஸின் மதிப்பைக் காண்க' என்றுதான் இருக்கும், பக்க அளவுகளும் அலகும் தந்திருப்பார்கள். பதிலுக்கு வாகாகக் கேள்வியே வளைந்து கொடுத்திருந்தால் சந்தேகப்படலாம். அடுத்து, வினா எண்ணும் மதிப்பெண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பதிலும் சிவப்பு மைக் குறிப்பும் ஒரே கையெழுத்தா என்பதையும் கவனியுங்கள். மாணவரைவிட ஆசிரியர் அதிகமாக ஜோக் அடித்திருந்தால் அநேகமாகப் போலி. நூற்றுக்கணக்கான தாள்களைத் திருத்துபவருக்கு அதற்கு நேரம் ஏது?

கேள்வி: காற்றழுத்தமானியை வைத்துக் கட்டடத்தின் உயரத்தை அளக்கச் சொன்னபோது, அதைக் கயிற்றில் கட்டி இறக்கி, கயிற்றின் நீளத்தை அளப்பேன் என்று எழுதியவர் டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போராமே?

பதில்: போர் இல்லை. செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த அலெக்சாண்டர் கலண்ட்ரா எழுதிய கதை அது. 1968-இல் ஓர் அமெரிக்க வார இதழில் வந்து பரவலாகப் படிக்கப்பட்டது. அதில் மாணவருக்குப் பெயரே கிடையாது. நோபல் பரிசு பெற்றவர் என்றால் கதைக்கு ஒரு கெத்து கிடைக்கும் என்று பின்னால் யாரோ போரின் பெயரை ஒட்டிவிட்டார்கள்.

ஆனால் அந்த மாணவர் தந்த வழிகளை வெறும் குறும்பு என்று தள்ளிவிட முடியாது. 50 மீட்டர் கட்டடம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆசிரியர் எதிர்பார்த்த முறையில் அடியிலும் உச்சியிலும் அழுத்தம் அளக்க வேண்டும். வித்தியாசம் 6 மில்லிபார்தான் (காற்றழுத்தத்தின் அலகு) வரும். அளவீட்டில் 1 மில்லிபார் பிசகினால் உயரத்தில் 8 மீட்டருக்கு மேல் பிழை வந்துவிடும். கருவியை மேலிருந்து கீழே போட்டு நேரம் பார்த்தால் 3.2 நொடி ஆகும், 0.1 நொடி பிசகினால் சுமார் 3 மீட்டர்தான் பிழை. கருவி உடையும், அது வேறு விஷயம். உச்சியிலிருந்து தரை வரை நீளும் கயிற்றில் கட்டி ஊசல்போல ஆட்டினால் ஓர் அலைவுக்கு 14 நொடி, அந்த நேரத்தை வைத்து நீளத்தைக் கணக்கிடலாம். பத்து அலைவுகளைச் சேர்த்து அளந்து மொத்தத்தில் 0.2 நொடி தவறினாலும் பிழை 15 சென்டிமீட்டரைத் தாண்டாது. காற்று அடிக்காமல் இருக்க வேண்டும், வீச்சும் சிறிதாக இருக்க வேண்டும். அவ்வளவு நீளக் கயிறு கையில் இருந்தால் கயிற்றையே அளந்துவிடலாமே என்கிறீர்களா? அவருடைய முதல் பதிலே அதுதான்!

ஆக, 'சரியான' விடைதான் இருப்பதிலேயே துல்லியம் குறைந்தது. கோளாறு கேள்வியில் இருக்கிறது. 'அடியிலும் உச்சியிலும் காற்றழுத்தத்தை அளந்து, அந்த வேறுபாட்டிலிருந்து உயரத்தைக் கணக்கிடும் முறையை விளக்குக' என்று கேட்டிருந்தால் கயிற்றுக்கு வேலையே இல்லை.

கேள்வி: கப்பலில் 26 செம்மறியாடுகள், 10 வெள்ளாடுகள். கேப்டனுக்கு வயது என்ன? இப்படியும் தேர்வில் கேட்பார்களா?

பதில்: கேட்டிருக்கிறார்கள். 2018-இல் சீனாவின் நான்சோங் நகரில் ஐந்தாம் வகுப்புத் தேர்வில் இதே எண்களுடன் வந்தது. மாணவர்கள் யோசிக்கிறார்களா என்று பார்க்கத்தான் கேட்டோம் என்றது கல்வித்துறை. கேள்வி பழையதுதான். பிரான்சின் கிரெநோபிளில் 1980 வாக்கில் இதைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் 97 பேரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். 76 பேர் எண்களைக் கூட்டியோ கழித்தோ ஏதோ ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். பாவம், கணக்கு என்று வந்துவிட்டால் விடை இருந்தே தீரும் என்றுதான் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறோம்.

சீனாவில் ஒரு மாணவர் 'குறைந்தது 18, ஏனெனில் கப்பல் ஓட்டப் பெரியவராக இருக்க வேண்டும்' என்று எழுதினார். இணையத்தில் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார்: ஆடுகளின் மொத்த எடை 7,700 கிலோ, 5,000 கிலோவுக்கு மேல் சரக்கு ஏற்ற உரிமம் பெற்று ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும், உரிமம் பெற 23 வயது, ஆகவே குறைந்தது 28. எல்லோரும் கைதட்டினார்கள். கொஞ்சம் பொறுங்கள். 36 ஆடுகள் 7,700 கிலோ என்றால் ஓர் ஆடு 214 கிலோ! தலைக்கு 60 கிலோ என்று தாராளமாகப் போட்டாலும் மொத்தம் 2,160 கிலோதான், 5,000-ஐ எட்டவே எட்டாது. தேர்வில் முழு மதிப்பெண் பெறும் பதில் இதைவிடச் சின்னது: 'தந்த விவரங்களைக் கொண்டு காண இயலாது, ஆடுகளின் எண்ணிக்கைக்கும் வயதுக்கும் தொடர்பில்லை.' காரணத்தைச் சேர்த்து எழுதுங்கள். 'காண இயலாது' என்று மட்டும் விட்டால், தெரியாமல் விட்டதாக எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது.

கேள்வி: 'கைபேசி மாணவர்களின் அறிவைக் கெடுப்பது ஏன்? ஐந்து காரணங்கள் தருக' என்று தேர்வில் வந்தது. கெடுக்கிறது என்று நான் ஒப்புக்கொள்ளவே இல்லையே!

பதில்: 'திருடுவதை நிறுத்திவிட்டாயா? ஆம் அல்லது இல்லை என்று சொல்' என்கிற ரகம் இது. எதைச் சொன்னாலும் திருடன்தான். நம் இலக்கணக்காரர்கள் இதற்கு உறவான ஒன்றை எப்போதோ பிடித்துவிட்டார்கள். செப்பும் (அதாவது விடையும்) வினாவும் வழுவாமல் காக்கச் சொல்கிறது தொல்காப்பியம். ஒற்றை விரலைக் காட்டி 'நெடிதோ குறிதோ' என்று கேட்பது வினா வழு, அதாவது பிழையான கேள்வி என்று உரையாசிரியர்கள் உதாரணம் தந்தார்கள். ஒப்பிட இன்னொரு விரல் இல்லாமல் எப்படிப் பதில் சொல்வது?

ஐந்து காரணங்களையும் கைபேசியில் தேடித்தான் சொல்ல முடியும் என்று எழுத உங்களுக்குக் கை துறுதுறுக்கும். எழுதலாம், கடைசியில். முதல் வரியில் 'கைபேசி அறிவைக் கெடுக்கிறது என்பதைக் கேள்வி நிறுவாமலே எடுத்துக்கொள்கிறது' என்று சொல்லிவிடுங்கள். பிறகு, 'அப்படிக் கருதுவோர் கூறும் காரணங்கள்' என்று ஐந்தையும் எண் போட்டு எழுதுங்கள். திருத்துபவர் ஐந்து மதிப்பெண்ணை அந்த ஐந்துக்குத்தான் பிரித்து வைத்திருப்பார். மறுப்பு இரண்டு வரியைத் தாண்ட வேண்டாம். 100 மதிப்பெண்ணுக்கு மூன்று மணி நேரம் என்றால் ஐந்து மதிப்பெண்ணுக்கு 9 நிமிடம்தான்.

கேள்வி: 'இந்தக் கேள்விக்குக் குருட்டாம்போக்கில் விடை தேர்ந்தால் சரியாக அமையும் வாய்ப்பு எவ்வளவு? (அ) 25% (ஆ) 50% (இ) 0% (ஈ) 25%'. விடை என்ன?

பதில்: எதுவுமில்லை. 25 சரி என்றால் அது இரண்டு இடத்தில் இருப்பதால் வாய்ப்பு 50. 50 சரி என்றால் ஓர் இடம்தான், வாய்ப்பு 25. 0 சரி என்றாலும் அதைத் தொட நாலில் ஒரு வாய்ப்பு உண்டே! (இ)-யை 60 என்று மாற்றினால் சிக்கல் தீரும்: விடை 0, அது பட்டியலில் இல்லை.

கேள்வி: நான் ஆசிரியை. கேட்டதற்கு நேராகப் பொருந்தும் கிண்டல் பதிலுக்கு மதிப்பெண் போடுவதா, வேண்டாமா?

பதில்: மாணவரின் பெயரை மறைத்து, கேள்வியையும் பதிலையும் இன்னொரு ஆசிரியரிடம் படிக்கக் கொடுங்கள். கேள்வியின் சொற்கள் அந்தப் பதிலுக்கும் இடம் தருகின்றன என்று அவரும் சொன்னால் மதிப்பெண் போட்டே ஆக வேண்டும். கூடவே விடைக்குறிப்பில் 'இதுவும் ஏற்கத்தக்கது' என்று சேர்த்து, ஏற்கெனவே திருத்திய தாள்களிலும் அதே பதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாடப்பொருளைத் தொடாமல் வார்த்தையில் மட்டும் விளையாடியிருந்தால், எக்ஸுக்கு வட்டம் போட்டவரைப்போல, சுழியம்தான். ஓரத்தில் ஒரு சிரிப்பு முகம் வரைவது உங்கள் விருப்பம். பொதுத்தேர்வுத் தாளில் மட்டும் அதுவும் கூடாது.