சாண்டர் பாதியில் நிற்கிறதா? பேட்டரி வாங்கும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி: பாலக்கோடு பக்கம் தச்சு வேலை செய்கிறேன். 18 வோல்ட் பேட்டரி சாண்டர் (உப்புத்தாள் மாட்டித் தேய்க்கும் மெஷின்), 5 அங்குலத் தட்டு, வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. பழைய கதவு தேய்க்கும்போது கொஞ்ச நேரத்திலேயே நின்றுவிடுகிறது. உடனே சார்ஜரில் போட்டால் ஏறுவதில்லை, விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது. உப்புத்தாளும் அடிக்கடி கழன்று பறக்கிறது. கிரானைட் விளிம்பையும் இதிலேயே தேய்த்துத் தரச் சொல்கிறார்கள். புது பேட்டரி வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். நீங்கள் சொல்வதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் பேட்டரியைவிட சூட்டின் மீதும் தூசியின் மீதும்தான் எனக்குச் சந்தேகம்.

லித்தியம் பேட்டரி சூடேறினாலோ அதிக கரண்ட் இழுக்கப்பட்டாலோ உள்ளிருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் ஓட்டத்தை நிறுத்திவிடும். சூடாக இருக்கும் பேட்டரியை நல்ல சார்ஜரும் ஏற்றாது. பல கம்பெனிகள் 40 டிகிரிக்கு மேல் சார்ஜ் போட வேண்டாம் என்றே குறிப்பிடுகின்றன. சித்திரை மாதம் தர்மபுரியில் தகரக் கொட்டகைக்குள் அந்தச் சூடு சாதாரணம். பேட்டரியைக் கழற்றி, நிழலில் காற்றோட்டமாக அரை மணி நேரம் வைத்துவிட்டு சார்ஜ் போடுங்கள். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் படியும். விளக்கு மின்னுவதன் அர்த்தம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கூட வந்த புத்தகத்தில் பாருங்கள்.

முழுதாக ஏறிய, ஆறிய பேட்டரியை அதே கம்பெனி டிரில் மெஷினில் போட்டு ஓட்டிப் பாருங்கள். அங்கே நன்றாக ஓடினால் குறை சாண்டரில்.

சாண்டரைப் பார்க்கும்போது முதலில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். தாள் மாற்றும்போதும் அப்படியே. சுவிட்சை மட்டும் நம்ப வேண்டாம். காற்றுத் துளைகளில் அடைத்த தூளை பெயிண்ட் பிரஷால் தட்டி எடுங்கள். கம்ப்ரசர் காற்றை முழு வேகத்தில் அடித்தால் தூள் பேரிங்குக்குள்ளேயே போய் உட்காரும். மெதுவாக, கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள். பிறகு தட்டைக் கையால் சுற்றுங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங் போய்விட்டது. சுமையில்லாமல் ஓட்டும்போது தட்டு வெறிபிடித்ததுபோல் சுழன்றால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும். காற்றுத் துளை வழியாகப் பெரிய தீப்பொறி தெரிந்தால், மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷைப் பாருங்கள். பிரஷ்லெஸ் மாடலில் அது கிடையாது.

தாள் பறப்பதற்குப் பெரும்பாலும் அழுத்தித் தேய்ப்பதே காரணம். மெஷினின் எடையே போதும், கை வழிநடத்தினால் சரி. அழுத்தினால் கரண்ட் கூடும், பேட்டரி சூடாகும், தாளைப் பிடித்திருக்கும் தட்டின் சிறு கொக்கிகள் உருகி மழுங்கும். தாளின் துளையும் தட்டின் துளையும் நேராக இல்லாவிட்டாலும் தூள் வெளியேறாமல் சூடேறும். கொக்கி மழுங்கிவிட்டால் தட்டையே மாற்றுங்கள். பேட்டரி விலையில் அது சிறு பகுதிதான்.

கிரானைட்டுக்கு இந்த மெஷின் வேண்டவே வேண்டாம். காய்ந்த கிரானைட் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலைப் பாழாக்கும், சிலிக்கோசிஸ் வந்தால் குணமாகாது. கிரானைட்டை ஈரம் விட்டுத்தான் பாலிஷ் செய்ய வேண்டும், இந்த சாண்டரோடு தண்ணீரைச் சேர்க்கக் கூடாது. கிருஷ்ணகிரிப் பக்கம் அதற்கென்றே ஆட்களும் மெஷின்களும் இருக்கின்றன, அங்கே அனுப்பிவிடுங்கள்.

பழைய கதவு என்கிறீர்களே, அதில்தான் எனக்குக் கவலை. வீட்டு பெயிண்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாண்டரால் சுரண்டினால் அந்தத் தூள் வீட்டுக் குழந்தைகள் வரை போகும். பெயிண்ட் ரிமூவர் தடவி, நனைத்துச் சுரண்டுங்கள். வெறும் மரம் என்றாலும் என்95 முகமூடி கட்டாயம், மரத்தூளும் புற்றுநோய்க் காரணிகளில் ஒன்று. ஆணியை எடுத்த பிறகே தேயுங்கள். இரும்பில் பட்டுத் தெறிக்கும் பொறி தூசிப் பைக்குள் போனால் தீப்பற்றும். பை பாதி நிறைந்ததும் கொட்டுங்கள், இரவில் தூளோடு வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி வைத்தாலும் தானாகவே தீப்பிடிக்கும், விரித்துக் காய வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஆறிய பேட்டரி டிரில்லிலும் சீக்கிரம் நின்றால், அப்போது வாங்குங்கள். சாண்டருக்கு 2 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) போதாது, 4 ஏஎச் எடுங்கள், அதே கம்பெனியுடையதாக. பழையது உப்பியிருந்தால் சார்ஜ் போடவோ பிரிக்கவோ வேண்டாம். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி தயாரிப்பாளருக்குப் பொறுப்பு உண்டு, விற்ற கடையில் கேளுங்கள்.