என்டிபி போட்ட பிறகும் சர்வர் நேரம் ஏன் விலகுகிறது?

கேள்வி: எங்கள் சர்வர்கள் எல்லாவற்றிலும் என்டிபி (நெட்வொர்க் வழியாகக் கடிகாரத்தைச் சரியாக வைக்கும் முறை) போட்டிருக்கிறோம். ஆனாலும் சிலவற்றில் அவ்வப்போது நேரம் விலகி லாகின் தோல்வி வருகிறது. போய்ப் பார்த்தால் நேரம் சரியாகவே இருக்கிறது. எங்கே தேடுவது?

தேடுவதற்கு முன்னால் ஒன்று. நேரம் விலகியதும் கையால் டேட் கமாண்ட் அடித்துத் திருத்தும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது கடிகாரத்தைப் பின்னால் தள்ளினால் 10:05-க்குப் பதிவானதற்கு அப்புறம் 10:02 என்று இன்னொரு பதிவு வந்து உட்காரும். கசாண்ட்ரா என்ற டேட்டாபேஸ் மாதிரி, எதில் பிந்திய நேரம் இருக்கிறதோ அதுதான் கடைசியாக எழுதியது என்று முடிவு செய்கிறவை புதிய தரவை ஒதுக்கிவிட்டுப் பழையதையே வைத்துக்கொள்ளும், ஒரு எரர் கூட வராது. வாரக் கணக்கில் கழித்து யாராவது கணக்கு இடிக்கிறது என்று சொன்னால்தான் தெரியும்.

இப்போது உங்கள் விஷயம். "போய்ப் பார்த்தால் சரியாக இருக்கிறது" என்கிறீர்களே, அதில்தான் துப்பு இருக்கிறது. எனக்கு இதே பிரச்சினை வந்தது. ஒரு விர்ச்சுவல் மெஷினில் (நிஜ சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் சர்வர்) இரவு 2:15-க்கு ஓட வேண்டிய பேட்ச் வேலை தினமும் கெர்பரோஸ் (லாகினைச் சரிபார்க்கும் முறை) பிழையில் விழும், நேர வித்தியாசம் அதிகம் என்று காரணமும் சொல்லும். அரை மணி கழித்துத் தானாக மறுபடி ஓடும்போது ஒழுங்காக முடிந்துவிடும். காலையில் வந்து பார்த்தால் கடிகாரம் மில்லி வினாடி பிசகாமல் இருக்கும். பல நாள் கெர்பரோஸையே குடைந்துகொண்டிருந்தோம். கடைசியில் லினக்ஸில் என்டிபி வேலையைச் செய்யும் குரோனியின் லாகைத் திறந்தபோது 2 மணிக்கு நேரம் முன்னோக்கித் தாவியதாக ஒரு வரி இருந்தது, முந்தின நாளும் அதே 2 மணிக்கு, அதற்கு முந்தின நாளும்.

2 மணி என்பது பேக்கப்புக்காக ஸ்னாப்ஷாட் (மெஷினின் அந்த நொடி நிலையின் நகல்) எடுக்கும் நேரம். ஸ்னாப்ஷாட் முடிந்ததும் உள்ளே இருக்கும் கெஸ்ட் டூல்ஸ் என்ற துணை மென்பொருள் ஹோஸ்டின் (மெஷினைத் தாங்கும் நிஜ சர்வரின்) நேரத்தை எடுத்து விர்ச்சுவல் மெஷினுக்கு வைத்துவிடுகிறது. அந்த ஹோஸ்டிலோ என்டிபியே போடவில்லை, ஏழு நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. குரோனி இதைக் கவனித்துத் திருத்தும், ஆனால் வழக்கமான செட்டிங்கில் அது துவங்கியதும் வரும் முதல் மூன்று அப்டேட்டில் மட்டும்தான் ஒரேயடியாகத் தாவித் திருத்தும். அதற்குப் பிறகு கடிகாரத்தை மெதுவாக ஓடவிட்டுத்தான் சரிசெய்யும், அதிகபட்ச வேகம் பன்னிரண்டில் ஒரு பங்கு. கணக்குப் போடுங்கள்: ஏழு நிமிடத்தைத் தின்று முடிக்க 84 நிமிடம். கெர்பரோஸ் வழக்கமாகப் பொறுத்துக்கொள்வது 5 நிமிட வித்தியாசம், அந்த எல்லைக்குள் வர 24 நிமிடம். 2:15 வேலை விழுந்ததும், அரை மணி கழித்து ஓடியதும், காலையில் எல்லாம் சுத்தமாக இருந்ததும் இதனால்தான்.

அதனால் என்டிபி ஓடுகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், இந்த மெஷினின் நேரத்தை இன்னும் யார் யார் மாற்றுகிறார்கள் என்று பாருங்கள். ஹோஸ்ட் சிங்க், பழைய கிரான் வேலை, மறந்துபோன ஸ்கிரிப்ட், எதுவாகவும் இருக்கலாம். மாற்றுகிற கை ஒன்றுதான் இருக்க வேண்டும். கெஸ்ட் டூல்ஸில் நேர சிங்க்கை நிறுத்தினால் மட்டும் போதாது, விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் சில ஹைப்பர்வைசர்களில் அந்த டிக்கை எடுத்த பிறகும் ஸ்னாப்ஷாட், மைக்ரேஷன், ரெஸ்யூம் சமயங்களில் ஒருமுறை நேரத்தை வைக்கும், அதைத் தனியாக அணைக்க வேண்டும். ஹோஸ்டுக்கும் என்டிபி கட்டாயம் போடுங்கள்.

விலகலின் அளவே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். சாதாரண குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 50 பங்கு பிசகினால் நாளுக்கு 4.3 வினாடி. அந்த மாதிரிச் சின்னதாக, சீராக விலகினால் என்டிபி எட்டவே இல்லை என்று அர்த்தம், ஃபயர்வாலில் என்டிபி பயன்படுத்தும் யுடிபி 123 போர்ட் திறந்திருக்கிறதா பாருங்கள். நிமிடக் கணக்கில் ஒரே தாவலாக வந்தால் யாரோ நேரத்தை வைக்கிறார்கள். சரியாக முழு மணி, அரை மணி விலகினால் டைம்ஸோன் குழப்பம், அல்லது பயாஸ் கடிகாரம் யுடிசியில் இல்லாமல் உள்ளூர் நேரத்தில் இருக்கிறது.

எத்தனை சர்வரிலிருந்து நேரம் எடுக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். இரண்டு வைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. இரண்டும் வேறு வேறு நேரம் சொன்னால் எது பொய் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. நான்கு வையுங்கள், ஒன்று கெட்டாலும் மற்ற மூன்றும் அதை ஒதுக்கிவிடும். பெரிய இடத்து சர்வர்தானே என்று ஒன்றையே நம்பவும் கூடாது: 2012 நவம்பர் 19 அன்று அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் என்டிபி சர்வர்களே 2000-ஆம் ஆண்டைச் சொன்னதால் பல இடங்களில் ஆக்டிவ் டைரக்டரி (விண்டோஸின் பயனர், லாகின் அமைப்பு) தடுமாறியது.

விண்டோஸ் டொமைன் என்றால் எல்லாருக்கும் நேரம் கடைசியில் வேர் டொமைனின் பிடிசி எமுலேட்டர் என்ற தலைமை சர்வரிலிருந்துதான் வருகிறது. அதில் நேர மூலம் லோக்கல் சிமாஸ் கிளாக் என்று காட்டினால் மொத்த டொமைனும் ஒரு மதர்போர்டுப் படிகத்தை நம்பி ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் கீழே எதைத் தொட்டும் பயனில்லை.

லினக்ஸில் இரண்டு நாளைக்கு நிமிடத்துக்கு ஒருமுறை குரோனிசி ட்ராக்கிங் கமாண்டின் வெளியீட்டை ஒரு கோப்பில் எழுதி வையுங்கள், நேரம் சரியாக உள்ள வேறொரு மெஷினிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக எடுத்தால் இன்னும் நல்லது, தாவுகிற கடிகாரத்தின் நேர முத்திரையை நம்ப வேண்டியிருக்காது. அந்தக் கோப்பில் தாவல் எந்த நிமிடத்தில் விழுகிறது என்று பார்த்து, அதே நிமிடத்தில் வேறு என்ன ஓடுகிறது என்று பேக்கப் பார்ப்பவர்களிடமும் விர்ச்சுவலைசேஷன் டீமிடமும் கேளுங்கள்.