ஸ்டெப்னி இல்லாத காரில் வழியில் பஞ்சர் ஆனால் என்ன செய்வது?

நீங்கள் கேட்டது இது: புதுக் காரின் டிக்கியில் விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் ஸ்டெப்னி இல்லை, பஞ்சரை அடைக்கும் திரவம் உள்ள ஒரு பாட்டிலும் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸரும்தான் இருக்கின்றன. இதை நம்பி வெளியூர் போகலாமா, இல்லை தனியாக ஒரு ஸ்டெப்னி வாங்கிப் போட்டுவிடலாமா?

போகலாம். ஆனால் அந்தப் பாட்டில் எந்த ஓட்டைக்கு உதவும், எதற்கு உதவாது என்று தெரிந்துகொண்டு போகவேண்டும். எனக்கு அது தெரியவந்தது நடுராத்திரியில்.

மூன்று வருடத்துக்கு முன்பு, மழை விட்டிருந்த ஓர் இரவு. வண்டியை நான் ஓட்டினேன். பக்கத்தில் மனைவி, பின்சீட்டில் அம்மா. தண்ணீர் நிரம்பிக் கிடந்த பள்ளம் ரோட்டோடு ரோடாகத் தெரிந்ததால் பிரேக் பிடிக்கக்கூட நேரமில்லை. இடது முன்சக்கரம் அதில் இறங்கிய சத்தத்தில் அம்மா விழித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஸ்டியரிங் இடப்பக்கமாக இழுத்தது, மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஓரங்கட்டி, பாட்டிலை மாட்டி, கம்ப்ரஸரைப் போட்டேன். கம்ப்ரஸர் மீட்டரின் முள் விறுவிறுவென்று ஏறி 80 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்பதைத் தாண்டியது. "ஏறுது, ஏறுது" என்று மனைவியிடம் சொன்னேன். அரை நிமிடத்தில் அதே முள் சரசரவென்று இறங்கி 10-க்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. அவள் டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்தபோதுதான் பார்த்தோம்: சைடுவாலில், அதாவது டயரின் பக்கச்சுவரில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கிழிசல். அதன் வழியே பால் மாதிரி வெள்ளைத் திரவம் வழிந்து ரோட்டில் குளமாக நின்றது.

முள் ஏறியது டயரில் காற்று ஏறியதால் இல்லை. அந்தத் திரவம் கெட்டியாக இருக்கும். வால்வின் குறுகலான துளை வழியாக அது நுழையும்போது குழாய்க்குள் அழுத்தம் கூடும், மீட்டர் அதைத்தான் காட்டும். திரவம் முழுக்க உள்ளே போனதும் முள் இறங்கி, டயரில் உண்மையாக இருக்கும் காற்றைக் காட்டத் தொடங்கும். எனக்கு அப்போது இது தெரியாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து, இழுவை வண்டியில் காரை ஏற்றிக்கொண்டு போனோம். அம்மாவை அந்த இருட்டில் அவ்வளவு நேரம் உட்காரவைத்தது இன்னும் மனதை உறுத்துகிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பாட்டிலில் இருக்கும் திரவம் மூடக்கூடியது, ரோட்டில் உருளும் பாகத்தில், அதாவது டிரெட்டில், ஆணியோ திருகாணியோ குத்திய சின்ன ஓட்டையை மட்டும்தான். அதிகபட்சம் 4 முதல் 6 மி.மீ. வரை. சைடுவால் கிழிந்தாலோ, பள்ளத்தில் அடிபட்டு ரிம் வளைந்தாலோ, டயர் ரிம்மை விட்டு நழுவியிருந்தாலோ அதை ஊற்றிப் பயனில்லை. பாட்டிலைத் தொடுவதற்கு முன் டார்ச் அடித்து டயரைச் சுற்றிப் பாருங்கள். கண்ணுக்கு எட்டாத பகுதி இருந்தால் காரை ஒரு முழம் நகர்த்திப் பாருங்கள். கிழிசல் என்றால் உடனே போனை எடுங்கள். பாட்டிலில் வீணாகும் அரை மணி நேரமாவது மிஞ்சும்.

அதற்கும் முன்னால் ஒரு விஷயம் இருக்கிறது. என் அனுபவத்தில் இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். காற்று இறங்கிய டயரில் "அடுத்த பங்க் வரைக்கும் மெல்லப் போய்விடலாம்" என்று ஓட்டாதீர்கள். காரின் எடையைத் தாங்குவது டயருக்குள் இருக்கும் காற்று. அது போய்விட்டால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் சைடுவால் மடிந்து மடிந்து நசுங்கும், சூடாகும், உள்பக்க ரப்பர் அரைபடும். அப்படி ஓட்டிய டயரை ரிம்மிலிருந்து கழற்றினால் உள்ளே கரித்தூள் மாதிரி ஒரு கறுப்புத் தூள் கொட்டும். பஞ்சர் போடுபவர் அதைக் கையில் எடுத்துக் காட்டிவிட்டு டயரை ஓரமாகப் போட்டுவிடுவார், ஏனென்றால் அதன் பலம் போய்விட்டது. ஓர் ஆணி ஓட்டையோடு முடிந்திருக்க வேண்டியது புது டயர் செலவில் போய் நிற்கும். அதிலும் ஸ்டெப்னி இல்லாத காரில் அந்த டயர் செத்தால் பயணமே அங்கே நின்றுவிடும்.

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு சொல்வேன். வண்டிகள் சீறிப் பாயும் சாலையில், ஒதுங்க இடமே இல்லாத இடத்தில் காற்று போனால், டயர் போனாலும் போகட்டும் என்று நான்கு விளக்குகளையும் மின்னவிட்டு நடை வேகத்தில் பத்திரமான இடம்வரை கொண்டுபோய் நிறுத்துங்கள். கூட வந்தவர்கள் போக்குவரத்து இல்லாத பக்கமாக இறங்கி, தடுப்புக் கம்பி இருந்தால் அதற்கு அப்பால் நிற்கட்டும். வண்டிகள் உரசிக்கொண்டு போகும் பக்கத்துச் சக்கரத்தின் முன் குந்தி உட்கார்ந்து வேலை பார்க்காதீர்கள்.

இனி, ஓட்டை டிரெட்டில்தான் என்று வைத்துக்கொள்வோம். ஆணி குத்திக்கொண்டு நிற்கிறது என்றால் அதைப் பிடுங்காதீர்கள்! பல நேரம் அந்த ஆணியேதான் பாதி ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். முதலில் பாட்டில் இல்லாமல், கம்ப்ரஸரை மட்டும் மாட்டிக் காற்றடித்துப் பாருங்கள். சில கம்ப்ரஸர்களில் இதற்கென்று ஒரு திருகு இருக்கும், சிலவற்றில் குழாயை நேராக வால்வில் மாட்டவேண்டும்; வீட்டிலேயே ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். போன வருடம் காலையில் கிளம்பும்போது பின்டயர் 18 பிஎஸ்ஐ காட்டியது. சோப்புத் தண்ணீர் தெளித்தேன். டிரெட்டில் புதைந்திருந்த திருகாணியின் தலையைச் சுற்றி ஒவ்வொன்றாக மெல்லக் குமிழிகள் வந்தன. 35 வரை காற்றடித்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்தேன். ஒரு பிஎஸ்ஐ மட்டுமே இறங்கியிருந்தது. அப்படியே மெதுவாக ஓட்டிப் பஞ்சர் கடையில் விட்டேன். பாட்டில் அப்படியே மிஞ்சியது.

மிஞ்சுவது ஏன் நல்லது என்றால், அது ஒருமுறைதான் பயன்படும். ஊற்றிய டயரைப் பிறகு பஞ்சர் போடுவதும் பெரிய பாடு: உள்ளே பிசுபிசுவென்று ஒட்டிக்கிடப்பதை எல்லாம் கழுவித் துடைக்கவேண்டும், அதனால் சில கடைகளில் வேலையையே எடுக்க மாட்டார்கள். சக்கரத்துக்குள் காற்றழுத்தம் பார்க்கும் சென்சார் இருந்தால் அதன் துளையும் அடைபடலாம். ஊற்றியிருந்தால், டயரைக் கழற்றுவதற்கு முன்பே கடையில் சொல்லிவிடுங்கள்.

காற்று நிற்கவே இல்லை, ஊற்றித்தான் ஆகவேண்டும் என்றால், இஞ்சினை ஓடவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும். மூடிய ஷெட்டுக்குள் மட்டும் இஞ்சினை ஓடவிடக்கூடாது, புகை ஆளைக் கொல்லும். கம்ப்ரஸரைப் பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் சூடேறிப் பழுதாகிவிடும். பத்து நிமிடத்தில் தேவையான அழுத்தம் வரவில்லை என்றால் ஓட்டை பெரிது என்று அர்த்தம். அழுத்தம் வந்துவிட்டால் உடனே கிளம்புங்கள், ஏனென்றால் சக்கரம் சுற்றினால்தான் திரவம் பரவி ஓட்டைக்குள் போய் அடைக்கும். சில கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி அளந்து பாருங்கள். 1.3 பாருக்கு, அதாவது சுமார் 19 பிஎஸ்ஐக்குக் கீழே போயிருந்தால் மேற்கொண்டு ஓட்டக்கூடாது என்று பல கார்க் கையேடுகளில் போட்டிருப்பார்கள். அதற்கு மேல் இருந்தால் சரியான அளவுக்கு ஏற்றிக்கொண்டு, 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் நேராகப் பஞ்சர் கடைக்குப் போகலாம். பாட்டிலோடு வரும் '80' ஸ்டிக்கரை ஓட்டுபவர் கண்ணில் படும்படி ஒட்டச் சொல்வதும் இதற்காகத்தான்.

பாட்டிலில் காலாவதித் தேதி உண்டு. சில வருடங்களில் உள்ளே இருப்பது இறுகிக் கெட்டுப்போய்விடும். கார் பழையதாக வாங்கியது என்றால் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

கொஞ்சம் கைவேலை பழகியவர் என்றால், டியூப்லெஸ் பஞ்சர் கிட் ஒன்று டிக்கியில் இருப்பது அந்தப் பாட்டிலைவிட எவ்வளவோ மேல் என்பேன். அதில் கைப்பிடி வைத்த அரம் போன்ற ஊசி ஒன்று, காது வைத்த ஊசி ஒன்று, பிசினில் தோய்த்த கயிறு மாதிரியான ஸ்ட்ரிப்புகள் இருக்கும். ஆணி எந்தச் சாய்வில் நுழைந்திருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டு, குறடால் பிடுங்கி, அதே சாய்வில் அரத்தை ஏற்றி இறக்கவேண்டும். முதல் தடவை, டயருக்குள் இருக்கும் கம்பிகள் அரத்தைக் கவ்விப் பிடிப்பது கைக்குத் தெரியும். பயப்படாதீர்கள், உடம்பின் எடையைப் போட்டு அழுத்துங்கள். கவ்வல் விட்டு வழவழவென்று போய்வரத் தொடங்கியதும் ஸ்ட்ரிப்பைக் காதில் கோத்து, இரண்டு முனையும் விரற்கடை அளவு வெளியே நிற்கும்வரை உள்ளே தள்ளி, ஊசியை மட்டும் சடக்கென்று உருவவேண்டும். ஸ்ட்ரிப் உள்ளே மடிந்து நின்றுவிடும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டுக் காற்றடியுங்கள், சோப்புத் தண்ணீர் விட்டுக் குமிழி வருகிறதா பாருங்கள். முன்சக்கரம் என்றால் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினாலே டிரெட் வெளியே தெரியும், ஜாக்கிகூட வேண்டியதில்லை. இதுவும் டிரெட்டுக்கு மட்டும்தான். டிரெட்டும் சைடுவாலும் சேரும் ஓரத் தோளிலோ சைடுவாலிலோ குத்தாதீர்கள். ஊருக்குத் திரும்பியதும் டயரைக் கழற்றி உள்பக்கமிருந்து மஷ்ரூம் பேட்ச் (காளான் வடிவ ஒட்டு) போட்டுவிடுங்கள், அதுதான் நிரந்தரமானது. கழற்றும்போது உள்ளே தூள் இருக்கிறதா என்றும் தெரிந்துவிடும்.

உங்கள் காரில் ரன்ஃபிளாட் டயர் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சைடுவாலில் ஆர்எஃப்டி, இசட்பி, எஸ்எஸ்ஆர் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது ரன்ஃபிளாட். காற்று முழுக்கப் போனாலும் தடித்த சைடுவாலே எடையைத் தாங்கி, 80 கி.மீ. வேகத்துக்குள் ஏறக்குறைய 80 கி.மீ. தூரம் கொண்டுபோய் விடும். மேலே நான் "ஓட்டாதீர்கள்" என்றது இதற்குப் பொருந்தாது. ஆனால் இந்த டயர்கள் கரடுமுரடாக இருக்கும், விலை அதிகம், காற்றில்லாமல் ஓட்டியபின் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டிவரும். சைடுவால் கிழிசலுக்குப் பயந்து நெடுந்தூரம் போகிறவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு.

ஸ்டெப்னி வாங்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஆரம்பகாலக் கார்களும் மாற்றுச் சக்கரம் இல்லாமல்தான் வந்தன. 1904-இல் வேல்ஸ் பகுதியின் லனெல்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள்தான் டயர் மாட்டிய ஒரு வெற்று ரிம்மைச் செய்து, பஞ்சரான சக்கரத்தின் மேலேயே அதைக் கவ்வ வைக்கும்படி விற்றார்கள். அந்தத் தெருவின் பெயரைத்தான் நாம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நூற்றிருபது வருடம் கழித்து, எடையைக் குறைக்கவும் பேட்டரிக்கு இடம் விடவும் அதை எடுத்துவிட்டார்கள். தரை முழுக்கப் பேட்டரி நிரம்பிய மின்சாரக் காரில் இதை ஏற்றுக்கொள்ளலாம். டிக்கியில் சக்கரம் வைக்கும் குழி அப்படியே இருக்க, அதைத் தெர்மாகோல் தட்டால் நிரப்பிக் கொடுப்பதை என்னால் ஏற்கமுடியவில்லை.

அப்படிக் குழி இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். நான் வாங்கிவிட்டேன், மெல்லிய தற்காலிக ஸ்டெப்னிதான். நட்டுகளின் எண்ணிக்கையும் இடைவெளியும் பொருந்தவேண்டும், நடு ஓட்டை, சக்கரம் மாட்டும் அச்சு முனையான ஹப்பில் சரியாக உட்காரவேண்டும், மொத்த விட்டம் மற்ற டயர்களோடு ஒத்துப்போகவேண்டும். எல்லாம் பொருந்தியும் முன் பிரேக் காலிப்பரில் ரிம் இடிக்கலாம். அதனால் வாங்கும் இடத்திலேயே முன்னும் பின்னும் மாட்டிச் சுற்றிப் பாருங்கள். ஸ்டெப்னி இல்லாத காரில் ஜாக்கியும் வீல் ஸ்பானரும்கூடப் பெரும்பாலும் வராது, அவற்றையும் சேர்த்து வாங்கவேண்டும். பூட்டு நட்டு இருந்தால் அதன் சாவி காரிலேயே இருக்கட்டும். மின்சாரக் காரில் ஜாக்கி வைக்கும் இடம் தவறினால் பேட்டரிப் பெட்டியே நசுங்கும், கையேட்டில் குறித்த இடத்தில் மட்டும் வையுங்கள். குழி இல்லாமல் டிக்கியில் சும்மா போட்டுவைப்பதானால் பட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள், மோதலில் அது பின்சீட்டில் இருப்பவர் மேல் பாயும்.

குழியே இல்லாத கார் என்றால் பாட்டில், பஞ்சர் கிட், நல்ல கம்ப்ரஸர், டார்ச், கையுறை, எச்சரிக்கை முக்கோணம் ஆகியவற்றோடு, டயர் சைடுவாலில் இருக்கும் அளவு எண்ணைப் படமெடுத்துப் போனில் வையுங்கள். உதவிக்கு அழைக்கும்போது முதலில் கேட்பது அதைத்தான். மின்சாரக் காரோ நான்கு சக்கர இயக்கமோ என்றால், முழுக்க ஏற்றிச் செல்லும் தட்டு வண்டிதான் வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். எனக்கு அன்று முதலில் வந்தது முன்சக்கரத்தை மட்டும் தூக்கும் வண்டி. திருப்பி அனுப்பி வேறு வரவழைத்ததில்தான் பாதி நேரம் போனது.

தற்காலிக ஸ்டெப்னி வாங்கினால் அதில் சாதாரண டயர் மாதிரி 33, 35 வைக்காதீர்கள். பெரும்பாலானவற்றுக்கு 60 பிஎஸ்ஐ, சைடுவாலிலேயே போட்டிருக்கும். சும்மா கிடந்தாலும் காற்று மெல்ல இறங்கும், மற்ற டயர்களுக்குக் காற்றுப் பார்க்கும்போது அதையும் வெளியே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.