வாசகர் கேள்வி – பதில்: தனுஷ்கோடிப் புயல் 22ஆ, 23ஆ?

கேள்வி: பள்ளிப் பலகையில் தினமும் ‘வரலாற்றில் இன்று’ எழுதுகிறோம். தனுஷ்கோடியை அழித்த புயலை டிசம்பர் 22இல் எழுதுவதா, 23இல் எழுதுவதா? புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறதே!
– ஓர் ஆசிரியை, மண்டபம்

பதில்: ‘1964 டிசம்பர் 22 இரவு – 23 அதிகாலை’ என்று சேர்த்தே எழுதுங்கள். ஒரே தேதிதான் வேண்டுமென்றால், ரயில் மூழ்கியதற்கு 23. பாம்பனிலிருந்து 653ஆம் எண் பாசஞ்சர் புறப்பட்டது 22ஆம் தேதி இரவு 11.55 மணிக்கு. தனுஷ்கோடி நிலையத்தை நெருங்குகையில் கடல் அதை விழுங்கியபோது நள்ளிரவு தாண்டிவிட்டது.

குழப்பத்துக்குக் காரணம் நாள் மாறும் நேரம். நம் பெரியவர்களுக்குப் பொழுது விடிந்தால்தான் மறுநாள். அதனால் அவர்கள் ‘செவ்வாய்க்கிழமை ராத்திரி’ என்பார்கள். 22 செவ்வாய்தான், அவர்கள் நினைவில் பிசகில்லை. ரயில்வே கடிகாரத்துக்கு நள்ளிரவு 12 மணிக்கே புதன் பிறந்துவிடும். வானிலை ஆவணங்கள் பலவும் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். அது நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கியது. எனவே நம் 23 காலை 5.30 வரை அங்கே 22தான். 24, 25 என்று பார்த்தால், அது செய்தி அச்சான நாளாக இருக்கலாம். தந்தி, தொலைபேசிக் கம்பிகள் அறுந்து கிடந்ததால் சேதி வெளியே வரத் தாமதமானது.

இரவில் நடந்த எதற்கும் முதலில் மணியைத் தேடுங்கள், பிறகு அது எந்த ஊர் நேரம் என்று பாருங்கள், கடைசியில் கிழமையோடு ஒத்துப் பாருங்கள். தேதியை மட்டும் பார்த்து எழுதினால் ஒரு நாள் தவறும். இறந்தவர்களுக்குக் குடும்பங்கள் இன்றும் திதி கொடுக்கும் கரை இது. இங்கே ஒரு நாள் பிசகைச் சின்ன விஷயமாக விடக்கூடாது.

கேள்வி: அந்த ரயில் பாம்பன் பாலத்திலிருந்து கடலில் விழுந்ததாகச் சொல்கிறார்களே? இலங்கைக் கப்பலுக்கு இணைப்பாகச் சென்னையிலிருந்து ஓடிய போட் மெயில்தான் அது என்கிறார்கள் சிலர்.
– ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: இரண்டுமே தவறு. பாம்பன் நிலையம் பாலத்துக்குக் கிழக்கே, தீவுக்குள் இருக்கிறது. அங்கிருந்து தனுஷ்கோடிக்குப் போகும் வண்டி பாலத்தில் ஏறவே வேண்டியதில்லை. ஓடியது சாதாரண பாசஞ்சர். பயணிகள் 110, ஊழியர் 5 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. சீட்டு வாங்காமல் ஏறியவர்கள் அதில் சேரமாட்டார்கள். ஒருபக்கம் பெண்கடல் (பாக் விரிகுடா), மறுபக்கம் ஆண்கடல் (மன்னார் வளைகுடா), நடுவே ஒடுங்கிய மணல் திட்டு. சுமார் 7 மீட்டர் உயரத்துக்குக் கடல் எழும்பியபோது ஒதுங்க மேடே இல்லை.

பாலம் சிதைந்தது தனிக்கதை. 1914 பிப்ரவரி 24இல் திறந்த பாலத்தின் கர்டர்களில் (தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்கள்) பெரும்பாலானவை அடித்துச் செல்லப்பட்டன. நடுவிலிருந்த தூக்குப்பாலம் தப்பியது. கடலுக்குள் கிடந்த கர்டர்களை மீட்டு, ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் சீரமைத்தார்கள். தனுஷ்கோடிக்கான தண்டவாளம் மட்டும் திரும்பவில்லை.

கேள்வி: டிசம்பர் 22க்கு வேறு என்ன எழுதலாம்?
– ஒரு மாணவி, தொண்டி

பதில்: கணித மேதை ராமானுஜன் ஈரோட்டில் பிறந்தது 1887 டிசம்பர் 22. 2012 முதல் அது தேசியக் கணித தினம். 2004 சுனாமியை இந்தப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். அது டிசம்பர் 26.