பத்து சாம்பியன்ஷிப் வாங்கிய கோச்சும் உங்கள் ஒன்பது வருடமும்

கேள்வி: ஒரு மகளிர் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருக்கிறேன். கூடைப்பந்து அணிக்கும் நான்தான் கோச். ஒன்பது வருடமாகிறது, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் அரையிறுதியைத் தாண்டியதில்லை. எங்கள் செயலர் ஜான் வுடன் என்ற அமெரிக்கக் கோச்சைப் பற்றி எங்கோ கேள்விப்பட்டுவிட்டு வந்து, "அவர் பன்னிரண்டு வருடத்தில் பத்து சாம்பியன்ஷிப் வாங்கியிருக்கிறார், நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று ஸ்டாஃப் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். வுடனின் 'வெற்றிப் பிரமிடு' படத்தை ஃபிரேம் போட்டு மாட்டவும் சொல்லியிருக்கிறார். வேலையை விட்டுவிடலாமா என்று இருக்கிறது. அந்த மனிதரிடம் என்னைப் போன்றவர்கள் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா? எதிரணியை மைதானம் முழுக்க நெருக்கித் தடுக்கிற அவருடைய ஃபுல் கோர்ட் பிரஸ்ஸை எங்கள் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா?
— பெயர் வேண்டாம், திருச்சி மாவட்டம்

பதில்: செயலர் சொன்ன எண்ணிக்கை சரி. 1964-ல் ஆரம்பித்து 1975-க்குள் பத்து தேசியப் பட்டங்கள், அதில் 1967 முதல் 1973 வரை வரிசையாக ஏழு. ஆண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. ஆனால் செயலர் கணக்கை 1964-லிருந்து ஆரம்பித்துவிட்டார், அதுதான் தப்பு. வுடன் லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்குக் கோச்சாக வந்தது 1948-ல். முதல் பட்டம் கிடைத்தது அவருடைய பதினாறாவது சீசனில். அதற்கு முன்னால் தேசியப் போட்டியின் அரையிறுதிவரை அவர் போனதே ஒரே ஒரு தடவைதான், 1962-ல். அதிலும் சின்சினாட்டி அணியிடம் இரண்டு புள்ளியில் தோற்றார். ஒன்பதாவது வருடத்தில் அவரை உட்காரவைத்து "என்ன செய்தீர்கள்?" என்று கேட்டிருந்தால் காட்டுவதற்குத் தேசியக் கோப்பை எதுவும் கிடையாது.

இதை அடுத்த மீட்டிங்கில் சொல்லுங்கள். கோபப்படாமல், வருடங்களை மட்டும் சொன்னால் போதும்.

அந்தப் பதினாறு வருடத்தில் அவருக்கு என்ன வசதி இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். அவர் அங்கே வேலையை ஒப்புக்கொண்டதே அரை மனதோடுதான். மினசோட்டா பல்கலைக்கழகத்துக்குப் போகத்தான் ஆசை. அங்கிருந்து வரவேண்டிய ஃபோன் பனிப்புயலால் தாமதமாக, அதற்குள் யு.சி.எல்.ஏ.வுக்குச் சரி சொல்லிவிட்டார், சொன்ன பிறகு மாறவில்லை. வந்து பார்த்தால் மாடியில் ஒரு பழைய ஜிம். ஒரு பக்கம் ஜிம்னாஸ்டிக்ஸ், இன்னொரு பக்கம் மல்யுத்தம், நடுவில் இவருடைய பையன்கள். பயிற்சிக்கு முன்னால் தரையைத் துடைக்கும் வேலையில் கோச்சும் ஒரு துடைப்பானோடு இருப்பார். 1955-க்குப் பிறகு தீ பாதுகாப்பு காரணமாக அங்கே கூட்டம் சேர்க்க முடியாமல் போனதில் உள்ளூர் ஆட்டங்களையே வேறு வேறு அரங்குகளில் ஆடினார்கள். சொந்தமாகப் பெரிய அரங்கம் வந்தது 1965-ல், இரண்டு பட்டம் வாங்கிய பிறகு. சம்பளம்? கடைசி வருடத்திலும் பெரிதாகச் சொல்லும்படி இல்லை.

நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் அது அந்தப் பிரமிடில் இல்லை என்பது என் அபிப்பிராயம். உழைப்பு, உற்சாகம், விசுவாசம், தன்னடக்கம் என்று கட்டம் கட்டி அடுக்கிய படம் அது. 1930-களில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தபோது யோசிக்க ஆரம்பித்துப் பல வருடம் திருத்தித் திருத்தி எழுதினார். அவருக்கு அது உண்மையாகவே முக்கியம். ஆனால் எந்த அலுவலகச் சுவரில் மாட்டினாலும் பொருந்துகிற ஒரு படத்தால் பந்தை முன்னால் கொண்டுபோகிற உங்கள் பாயிண்ட் கார்டு இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக் கற்றுக்கொள்ளப் போவதில்லை. மாட்டச் சொன்னால் மாட்டிவிடுங்கள், அதற்காகச் சண்டை வேண்டாம்.

பார்க்க வேண்டியது அவருடைய பயிற்சி நேரத்தை. 1974-75 சீசனில், அதுதான் அவருடைய கடைசி சீசன், ரோலண்ட் தார்ப், ரொனால்ட் காலிமோர் என்ற இரண்டு உளவியலாளர்கள் பயிற்சியின்போது ஓரமாக உட்கார்ந்து அவர் வாயிலிருந்து வருவதையெல்லாம் வகை பிரித்துக் குறித்தார்கள். பெரிய பெரிய பேச்சுகளை எதிர்பார்த்துத்தான் போனார்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் குறிப்புகள் எடுத்துப் பார்த்தபோது கிட்டத்தட்ட முக்கால் பங்கு வெறும் தகவல்: காலை எங்கே வைக்க வேண்டும், பந்தை எந்தத் தோள் பக்கம் கொடுக்க வேண்டும், திரும்ப எப்படிச் செய்ய வேண்டும். பாராட்டும் கொஞ்சம், திட்டும் கொஞ்சம். ஒரு பையன் தப்பாகச் செய்தால் சரியான முறையைச் செய்து காட்டுவார், அவன் செய்த தப்பை அப்படியே நடித்துக் காட்டுவார், மறுபடியும் சரியான முறை. சில நொடிகளில் முடிந்துவிடும், பயிற்சி நிற்காது. அவர் அதிகபட்சமாகத் திட்டுவதே "குட்னஸ் கிரேஷியஸ் சேக்ஸ் அலைவ்" என்பதுதான், நம் ஊர் மைதானத்தில் யாரும் அதைத் திட்டு என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்படிச் சில நொடியில் சொல்லி முடிக்க வேண்டுமென்றால் என்ன சொல்வது என்று முன்னாடியே தெரிந்திருக்க வேண்டும் இல்லையா, அதற்காக ஏறக்குறைய பயிற்சி நடக்கிற அளவு நேரம் காலையில் உட்கார்ந்து திட்டம் போடுவார், எந்தப் பத்து நிமிடத்தில் எந்தப் பயிற்சி, யார் யாரோடு, எத்தனை பந்து வேண்டும் என்று சின்ன அட்டையில் எழுதி எடுத்துக்கொண்டு வருவார், முடிந்ததும் எது தேறியது எது சொதப்பியது என்று குறித்து வைப்பார், போன வருடம் இதே வாரம் என்ன செய்தோம் என்பதையும் புரட்டிப் பார்ப்பார். அடிப்படையில் அவர் ஒரு ஆங்கில ஆசிரியர். பாடக்குறிப்பு எழுதுகிற பழக்கத்தை அப்படியே மைதானத்துக்குக் கொண்டுவந்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சீசனின் முதல் நாள் சாக்ஸ் எப்படிச் சுருக்கமில்லாமல் போடுவது, ஷூ லேஸை எப்படிக் கட்டுவது என்று சொல்லிக்கொடுப்பார். பின்னாளில் பெரிய நட்சத்திரங்களான கரீம் அப்துல்-ஜப்பார், பில் வால்டன் மாதிரி ஆட்கள் இதைக் கேட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கொப்புளம் வந்தால் பயிற்சி போச்சு, அவ்வளவுதான் விஷயம்.

கரீம், வால்டன் பெயரைச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும், செயலருக்கும் சேர்த்து. பத்தில் ஐந்து பட்டங்கள் இந்த இரண்டு பேர் ஆடிய காலத்தில் வந்தவை. அப்போது லூ அல்சிண்டர் என்ற பெயரில் இருந்த கரீம், 1965-ல் முதலாமாண்டு மாணவராகச் சேர்ந்தபோது விதிப்படி சீனியர் அணியில் ஆட முடியாது. புது அரங்கத்தில் நடந்த காட்சி ஆட்டத்தில் முதலாமாண்டு அணியில் ஆடி, நடப்புச் சாம்பியன்களான சீனியர்களை 75-60 என்று தோற்கடித்தார். அப்படி ஒரு மாணவி உங்கள் கல்லூரியில் அட்மிஷன் வாங்கினால் செயலரின் கேள்வியை அப்போது பேசலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. சாம் கில்பர்ட் என்ற பணக்காரக் கட்டட ஒப்பந்ததாரர் ஆட்டக்காரர்களுக்கு விதிகளை மீறிச் சலுகைகள் செய்துகொடுத்தார். அதற்காகப் பல்கலைக்கழகத்தின்மேல் நடவடிக்கை வந்தது 1981-ல், வுடன் ஓய்வு பெற்று ஆறு வருடம் கழித்து. கில்பர்ட்டைப் பற்றி அவர் கண்டும் காணாமல் இருந்தாரா என்று இன்றுவரை எழுதுகிறார்கள். அது நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன். எனக்கு அவர்மேல் மரியாதை வருவது வேறு இடத்தில். 1947-ல் இண்டியானாவில் சின்னக் கல்லூரி ஒன்றில் கோச்சாக இருந்தபோது தேசியப் போட்டிக்கு அழைப்பு வந்தது. கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு அனுமதி இல்லை என்று விதி. அணியில் கிளாரன்ஸ் வாக்கர் என்ற மாணவர் இருந்தார், பெரும்பாலும் பெஞ்சில் இருப்பவர். அவரை விட்டுவிட்டுப் போவதில்லை என்று வுடன் அழைப்பை மறுத்துவிட்டார். அடுத்த வருடம் விதியை எடுத்தார்கள், வாக்கர் போய் ஆடினார்.

பெஞ்ச் என்றதும் ஆண்டி ஹில் ஞாபகம் வருகிறார். மூன்று சாம்பியன் அணிகளில் இருந்தும் பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்தவர். அந்தக் கசப்பில் சுமார் 25 வருடம் கோச்சிடம் பேசவே இல்லை. பிறகு தொலைக்காட்சித் துறையில் பெரிய பதவிக்கு வந்தபோது, தான் வேலை வாங்குகிற விதம் முழுக்க அந்த ஜிம்மில் கற்றது என்று புரிந்து போய்ப் பார்த்தார், கடைசிவரை நெருக்கமாக இருந்தார்கள். 2010-ல், நூறு வயதுக்குச் சில மாதம் இருக்கும்போது வுடன் இறந்தார். உங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் அவர்கள் ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நேராகச் சொல்கிறீர்களா? வுடன் அதை ஹில்லிடம் சரியாகச் செய்யவில்லை, அந்த விஷயத்தில் நீங்கள் அவரைவிட நன்றாகவே செய்யலாம்.

வேலையை விட வேண்டாம், குறைந்தது இந்த சீசன் முடியும்வரை. பயிற்சி நோட்டு ஒன்று போடுங்கள். ஒவ்வொரு பெண்ணும் ஜூனில் எத்தனை ஃப்ரீ த்ரோ போட்டாள், டிசம்பரில் எத்தனை போட்டாள் என்று எழுதுங்கள். செயலர் அடுத்த முறை கேட்கும்போது மேஜையில் வைக்க உங்களிடம் ஒன்று இருக்கும். அப்போதும் எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தினால், சரி, வேறு கல்லூரி பாருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிரஸ் விஷயம்: தாராளமாகச் சொல்லிக்கொடுக்கலாம், உங்களுக்கு உயரமான பெண்கள் இல்லையென்றால் இன்னும் நல்லது. 1964 அணியில் ஆரம்ப ஐவரில் ஆறடி ஐந்து அங்குலத்துக்கு மேல் ஒருவரும் கிடையாது, ஆனாலும் 30 ஆட்டத்தில் 30 வெற்றி. அந்த 2-2-1 பிரஸ்ஸை (முன்னால் இருவர், நடுவில் இருவர், பின்னால் ஒருவர்) முழு சீசனும் போடலாம் என்று வற்புறுத்தியது துணைக் கோச் ஜெர்ரி நார்மன், வுடன் கேட்டுக்கொண்டார். பந்தைப் பறிப்பது அதில் இரண்டாவது நோக்கம்தான், எதிரணியை அவசரப்படுத்திக் களைக்கவைப்பதுதான் முதல் நோக்கம். அவர்கள் காலத்தில் பாதி கோர்ட்டைக் கடக்கப் பத்து நொடி, நம் போட்டிகளில் எட்டுதான், அதனால் உங்களுக்குக் கூடுதல் லாபம். ஆனால் நாற்பது நிமிடம் ஓடுகிற மூச்சு வேண்டும், எட்டுப் பெண்களாவது மாற்றி மாற்றி இறங்கத் தயாராக இருக்க வேண்டும். முதலில் பின்னால் தனியாக நிற்கப்போகும் அந்த ஐந்தாவது ஆளை முடிவு செய்யுங்கள். உயரம் பார்க்காதீர்கள், பாஸ் எங்கே விழும் என்று முன்கூட்டியே மோப்பம் பிடிக்கிறவள் யாரோ அவள்தான், யு.சி.எல்.ஏ.வில் அந்த இடத்தில் நின்ற கீத் எரிக்சன் வாலிபாலில் ஒலிம்பிக்ஸ் போனவர், உங்கள் கல்லூரி வாலிபால் அணியிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.