ரத்தம் கொடுத்த பிறகுதான் மாத்திரை

கேள்வி: எனக்கு வயது 47. ஹைப்போதைராய்டு (தைராய்டு சுரப்புக் குறைவு). அமெரிக்காவில் இருக்கும் தம்பி கொண்டுவந்து கொடுத்த ஆர்மர் தைராய்டு 90 மி.கி. மாத்திரையை எட்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். போன வாரம் வழக்கம்போல ஆறு மணிக்கு மாத்திரை போட்டுவிட்டு, ஒன்பதரைக்கு லேபில் ரத்தம் கொடுத்தேன். டிஎஸ்ஹெச் 0.08, ஃப்ரீ டி4 0.7, ஃப்ரீ டி3 5.1 என்று வந்திருக்கிறது. டோஸைக் குறைக்கணும் என்கிறார் டாக்டர். இந்த மாத்திரைக்கு டிஎஸ்ஹெச் பார்க்கவே கூடாது, டி4 குறைவு என்பதால் டோஸை ஏற்றணும் என்கிறாள் தம்பி மனைவி. முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் விட்டமினும் எடுக்கிறேன். புதிதாகக் கல்யாணமான என் மகள் தைராய்டுக்குத் தைரோநார்ம் மாத்திரை சாப்பிடுகிறாள். அவளையும் இதற்கு மாற்றலாமா?
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: டோஸ் விஷயத்தில் உங்கள் டாக்டர் பக்கம்தான் நியாயம். ஆனால் அந்த 5.1-ஐ மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். டி4, டி3 இரண்டும் தைராய்டு ஹார்மோன்கள்; 'ஃப்ரீ' என்பது அவற்றில் ரத்தப் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் பங்கு. டிஎஸ்ஹெச் என்பது தைராய்டைச் சுரக்கச் சொல்லி பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன்; தைராய்டு ஹார்மோன் கூடினால் இது குறையும்.

ஆர்மர் என்பது பன்றியின் தைராய்டு சுரப்பியை உலர்த்திப் பொடித்துச் செய்த மாத்திரை. 60 மி.கி.யில் 38 மைக்ரோகிராம் டி4, 9 மைக்ரோகிராம் டி3 இருக்கும். உங்கள் 90-இல் 57-ம் 13.5-ம். தைரோநார்ம், எல்ட்ராக்சினில் டி4 மட்டும்தான். காலையில் போட்டுவிட்டு லேபுக்குப் போனாலும் ஃப்ரீ டி4 கொஞ்சம் கூடுவதோடு சரி. டி3 அப்படியில்லை. விழுங்கிய இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சிக்கு ஏறி, அப்புறம் இறங்கும். நீங்கள் கையை நீட்டியது மூன்றரை மணி நேரத்தில். அந்த 5.1 உச்சியில் பிடித்த எண்.

டிஎஸ்ஹெச் கதை வேறு. அது கடந்த ஐந்தாறு வாரக் கணக்கைச் சொல்வது. ஒரு நாள் காலை மாத்திரையால் 0.08-க்கு விழாது. டி3 கலந்த மாத்திரையில் டிஎஸ்ஹெச் சற்றுத் தாழ்வாக இருப்பதுண்டு, உண்மைதான். அதற்காக 0.1-க்குக் கீழே மாதக்கணக்கில் விட்டுவைத்தால் இதயத்துடிப்பு தாறுமாறாகும் அபாயமும் எலும்புத் தேய்வும் கூடும். மாதவிடாய் நிற்கப் போகிற வயதில் இரண்டுமே சாதாரணமில்லை.

டி4 குறைந்ததற்காக டோஸை ஏற்றுவது தப்பு. மனிதச் சுரப்பி டி3 ஒரு பங்கென்றால் டி4 ஏறக்குறைய பதினான்கு பங்கு சுரக்கும். இந்த மாத்திரையிலோ நான்கு பங்குதான். போதாததற்கு, டிஎஸ்ஹெச் அடங்கிவிட்டதால் உங்கள் சுரப்பியும் சும்மா இருக்கிறது. ஆக ஃப்ரீ டி4 அடிமட்டத்தில் நிற்பது இங்கே வழக்கம். அதைத் தூக்கப் போனால் டி3 தலைக்கு மேல் போய்விடும்.

பயோட்டின் சில லேப் மெஷின்களை ஏமாற்றும். டிஎஸ்ஹெச் இருப்பதைவிடக் குறைவாகவும், ஃப்ரீ டி3, டி4 இரண்டும் கூடுதலாகவும் காட்டும். முடிக்கென்று விற்கும் மாத்திரைகளில் 5, 10 மி.கி. வரை இருப்பதால் டெஸ்டுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள்.

இந்த வாரமே மறுபடி பாருங்கள். முதல் நாள் காலை வழக்கம்போல மாத்திரை. மறுநாள் அதே லேபில் ஏழு மணி வாக்கில் ரத்தம் கொடுத்துவிட்டு, பையில் கொண்டுபோன மாத்திரையை அங்கேயே தண்ணீரோடு போடுங்கள். டீ, டிபன் ஒரு மணி நேரம் கழித்து. வீட்டுக்கு வந்து எடுப்பவர் ஏழு என்று சொல்லி ஒன்பதுக்கு வருவார்; அவர் வரும்வரை டப்பாவைத் தொடாதீர்கள். வெறுமனே "தைராய்டு புரொஃபைல்" என்று கேட்டால் பல லேப்களில் டோட்டல் டி3, டி4 (புரதத்தோடு ஒட்டியதையும் சேர்த்த மொத்த அளவு) போட்டுக் கொடுப்பார்கள். "ஃப்ரீ டி3, ஃப்ரீ டி4, டிஎஸ்ஹெச்" என்று எழுதியே கொடுங்கள். கால்சியமோ இரும்புச்சத்து மாத்திரையோ சாப்பிட்டால், தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

டோஸ் கூடினால் வியர்க்கும் என்றாலும் வியர்வையை வைத்து எதுவும் சொல்ல முடியாது, சென்னைப் புழுக்கத்தில் யாருக்குத்தான் வியர்க்கவில்லை! காலையில் எழுந்திருக்கும் முன் படுத்தபடியே ஒரு நிமிடம் முழுக்க நாடியை எண்ணி, நாலைந்து நாள் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். ஓய்விலேயே 100-ஐத் தாண்டினாலோ, துடிப்பு தட்டுத் தடுமாறினாலோ, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வந்தாலோ டெஸ்டுக்குக் காத்திருக்காமல் உடனே ஸ்டான்லி அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இருபத்து நாலு மணி நேரம் கழித்தும் ஃப்ரீ டி3 அளவைத் தாண்டியிருந்தால் டோஸ் அதிகம்தான், சந்தேகமே இல்லை. டி3 அளவுக்குள் இருந்து டிஎஸ்ஹெச் மட்டும் 0.1-க்குக் கீழே இருந்தாலும் குறைக்கவே வேண்டியிருக்கும். பெரும்பாலும் 15 மி.கி. குறைத்து 75-க்குக் கொண்டுவந்து ஆறு வாரம் கழித்துப் பார்ப்பார்கள். நீங்களாக அடியோடு நிறுத்திவிடாதீர்கள். மாத்திரையில் டி3 இருப்பதை டாக்டரிடம் சொல்லி, மேலே உள்ள மைக்ரோகிராம் கணக்கையும் காட்டுங்கள். இங்கே இது அதிகம் புழக்கத்தில் இல்லாத மருந்து. 90-ஐக் கத்தியால் நறுக்கினால் அளவு சரியாக வராது. 75-க்கு 60-ம் 15-ம் தனித்தனியாக வேண்டும். டோஸ் நிலைப்படும்வரை தம்பி ஒரே பவரில் ஆறு மாதத்துக்கு வாங்கிக் குவிக்க வேண்டாம்.

மகளை மாற்றவே கூடாது. கருவின் மூளை வளர்ச்சிக்கு ஆரம்ப மாதங்களில் தாயின் டி4-தான் ஆதாரம், இந்த மாத்திரையில் குறைவாக இருப்பதும் அதுதான். அவள் தைரோநார்மிலேயே இருக்கட்டும். குழந்தைக்கு முயற்சி செய்யும் முன் ஒரு டிஎஸ்ஹெச் பார்த்து 2.5-க்குக் கீழே இருக்கிறதா என்று டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளட்டும். நாள் தள்ளிப்போய்க் கர்ப்பம் என்று தெரிந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அந்த வாரமே டோஸ் கால் பங்குக்கு மேல் ஏற்ற வேண்டிவரும்.