நான்கு பக்கத்தில் வந்துபோகிறவர்கள்

வணக்கம் ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். வயது 41. இருபது வருடமாக எனக்கு வாசிப்பு என்றாலே வாழ்க்கை வரலாறுதான். விஞ்ஞானி, தலைவர், பாடகர், தொழிலதிபர், யாராக இருந்தாலும் வாங்கிவிடுவேன். படிக்கும்போது உடம்பில் ஒரு வேகம் வரும். நான்காம் நாள் அது வடிந்துவிடும், அப்புறம் என் வாழ்க்கை எனக்கே சின்னதாகத் தெரிய ஆரம்பிக்கும். பத்தாவது படிக்கும் என் மகளிடமும் இந்தப் புத்தகங்களைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். போன வாரம் அவள், "ஏம்ப்பா, இவங்களுக்கெல்லாம் என்ன ஆகப்போறோம்னு சின்ன வயசுலயே தெரிஞ்சிருச்சா?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. இந்தப் புத்தகங்களை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எம்., திருப்பூர்

அன்புள்ள எம்.,

நிறுத்த வேண்டாம். உங்கள் கேள்வியைவிட உங்கள் மகளின் கேள்வியில்தான் என் மனம் நின்றுவிட்டது, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் வாங்குகிற புத்தகங்களில் பெரும்பாலானவை முடிவிலிருந்து பின்னோக்கி எழுதப்பட்டவை. ஜெயித்தது தெரிந்த பிறகு உட்கார்ந்து எழுதுகிறபோது ஆறு வயதில் ரேடியோவைப் பிரித்துப் போட்டதுகூட ஒரு பெரிய அறிகுறி ஆகிவிடும். ரேடியோவைப் பிரித்துப் போட்டு அடி வாங்கிய மற்ற ஆயிரம் பிள்ளைகளைப் பற்றி யாரும் எழுதப்போவதில்லை. அதனால் படிக்கிற உங்களுக்கு, அவர்களெல்லாம் ஒரே நேர்கோட்டில் நடந்துபோனதுபோலவும் நாம் மட்டும் சந்து சந்தாகச் சுற்றிக்கொண்டிருப்பதுபோலவும் தோன்றும். அந்தச் சோர்வு உங்கள் குறை இல்லை, எழுதிய முறையிலேயே அது இருக்கிறது.

உங்கள் மகளுக்கு நான் கொடுக்கச் சொல்வது, பழந்தமிழ் நூல்களை ஏடுகளில் தேடிப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரின் தன்வரலாறு, 'என் சரித்திரம்'. கனமான புத்தகம்தான், தடிமனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஒவ்வொரு அத்தியாயமும் சின்னது. 1940 ஜனவரியில், 85 வயதை நெருங்கும்போது, ஆனந்த விகடனில் வாராவாரம் எழுதத் தொடங்கினார். 1942 ஏப்ரல் 28 அன்று இறந்துபோனார். 122 அத்தியாயங்களோடு கதை பாதியில் நிற்கிறது. எங்கே நிற்கிறது என்பதைக் கவனியுங்கள், 1890களின் கடைசியில். 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தது, 1906-இல் மகாமகோபாத்தியாயர் பட்டம், 1932-இல் டாக்டர் பட்டம், 1937-இல் குறுந்தொகைப் பதிப்பு எதுவும் அதில் இல்லை. மாலை மரியாதை வந்த காலம் முழுக்க விடுபட்டுப்போன ஒரு தன்வரலாறு அது. அப்படியும் படித்து முடிக்கும்போது ஏதோ குறைகிறது என்று எனக்கு ஒருதடவைகூடத் தோன்றியதில்லை.

காந்தியின் 'சத்திய சோதனை'யும் இப்படித்தான், அவர் நடத்திய நவஜீவன் வார இதழில் 1925 முதல் 1929 வரை தொடராக வந்தது, கதை 1920 நாகபுரி காங்கிரஸோடு முடிந்துவிடும். அதை எழுதி முடிக்கும்போது தண்டி யாத்திரை நடக்கவே இல்லை. அடுத்த வருடம் தான் கடற்கரையில் குனிந்து உப்பை அள்ளப்போவது எழுதுகிறவருக்கே தெரியாது.

சரி, உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். சாமிநாதையருக்கு எப்போது தெரிந்தது? 1880-இல், 25 வயதில். அதுவும் தானாகத் தெரியவில்லை. அந்த வருடம்தான் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்திருந்தது. அரியலூரிலிருந்து மாற்றலாகி வந்த முன்சீப், அதாவது கீழ்நீதிமன்ற நீதிபதி, சேலம் இராமசுவாமி முதலியாரைப் போய்ப் பார்க்கிறார், அக்டோபர் 21 என்று தேதி முதற்கொண்டு எழுதிவைத்திருக்கிறார். முதலியார் சிரித்துப் பேசவில்லை, என்ன படித்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்கிறார். இவர் அடுக்குகிறார்: அந்தாதிகள், கோவைகள், உலாக்கள், பிள்ளைத்தமிழ், புராணங்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவன், அந்தக் காலத்தில் படிக்க முடிந்ததையெல்லாம் படித்தவன். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வெறும் 'சரி'. கடைசியில், இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்ற கேள்வி. சீவகசிந்தாமணி படித்ததுண்டா? மணிமேகலை? சிலப்பதிகாரம்? இவர் அவற்றைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பத்து வருடத்துக்கும் மேலான படிப்பு ஒரு திண்ணைப் பேச்சில் கரைந்துபோகிறது, அந்த அவமானத்தை, உள்ளுக்குள் வந்த வருத்தத்தை, கொஞ்சமும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. முதலியார் தன்னிடம் இருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியையே கொடுத்து, பாடம் சொல்லுங்கள் என்கிறார். பிரித்தால் புரியவில்லை. அதற்கு நச்சினார்க்கினியர் எழுதிய பழைய உரையில் வரும் மேற்கோள்கள் எந்த நூலில் உள்ளவை என்றே தெரியவில்லை. அது ஜைன காவியம் என்பதால் கும்பகோணத்திலேயே இருந்த ஜைனர்களைத் தேடிப்போகிறார். போன வீட்டில் தோரணம் கட்டியிருக்கிறது. என்ன விசேஷம் என்று கேட்டால், சிந்தாமணியை மாதக்கணக்கில் பாடம் கேட்டு இன்றைக்குத்தான் பூர்த்தி செய்தோம் என்கிறார்கள்! தமிழ் வித்துவான்கள் பார்த்தே இராத காவியம், பக்கத்துத் தெருவில் தோரணம் கட்டிப் படிக்கப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அவர்களிடம் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, ஊர் ஊராக ஏடு தேடி, 1887-இல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். ஏழு வருடம். அந்த மேற்கோள்களின் வால் பிடித்துப் போனதில்தான் பத்துப்பாட்டும் புறநானூறும் நமக்குக் கிடைத்தன.

இனி உங்கள் சோர்வு. இந்தப் புத்தகத்தை இருபது வயதில் முதன்முறை படித்தபோது நானும் அவசரப்பட்டேன். ஊர் நூலகத்துப் பிரதி, பதினைந்து நாளில் திருப்பித் தர வேண்டும், சிந்தாமணி வரும் இடம் எப்போது வரும் என்று அரியலூர், குன்னம், செங்கணம் அத்தியாயங்களையெல்லாம் புரட்டித் தள்ளினேன். நாற்பதைத் தாண்டி, கால் முறிந்து ஆறு வாரம் படுக்கையில் கிடந்தபோதுதான் தள்ளிவிட்ட பக்கங்களை நிதானமாகப் படித்தேன். புத்தகம் அங்கேதான் இருக்கிறது.

அந்தப் பக்கங்களில் யார் யாரோ வருகிறார்கள். அப்பா வேங்கடசுப்பையர், சங்கீதமும் கதாகாலட்சேபமுமாகப் பிழைத்தவர், பையனுக்குத் தமிழ் சொல்லித்தர ஆள் இருக்கிற ஊராகப் பார்த்துக் குடும்பத்தோடு இடம் மாறிக்கொண்டே இருக்கிறார். ஒரு ஊரில் நெல் கொடுக்கிறார்கள், இன்னொரு ஊரில் தங்க வீடு கொடுக்கிறார்கள். அரியலூரில் சடகோபையங்கார் பாடம் சொல்கிறார். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் காரிகை என்ற யாப்பிலக்கண நூலைச் சொல்லித்தருகிறார். அந்த ரெட்டியாரைப் பற்றி இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, இதற்குமேல் படிக்க வேண்டுமென்றால் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம்தான் போக வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறார். ஆசை ஆசையாகப் படிக்கிற ஒரு மாணவன், இன்னும் நாலு வருடம் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அனுப்பிவிட்டார். அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் பிள்ளை இருந்த மாயவரத்துக்குப் போவது எப்போதோ, போவதே உண்டோ என்னவோ.

பிள்ளையவர்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் எண்ணெய் தேய்த்துக்கொள்வதற்காக உட்கார்ந்திருக்கிறார், எண்ணெய் வரவில்லை, வீட்டில் எண்ணெய் இல்லை. எத்தனையோ ஊர்களுக்குத் தலபுராணம் பாடியவர் சும்மா காத்திருக்கிறார். மாணவன் அதைக் கவனித்து, தன் கையிலிருந்த காசுக்கு எண்ணெய் வாங்கிவந்து சத்தமில்லாமல் உள்ளே கொடுத்துவிடுகிறான். வேங்கடராமன் என்ற பெயரை விட்டுச் சாமிநாதன் என்று கூப்பிட்டவர் அந்த ஆசிரியர்தான். 1876-இல் அவர் இறந்தபோது இந்த மாணவன் பக்கத்தில் திருவாசகம் படித்துக்கொண்டிருந்தான். தன் கதையை எழுதுவதற்கு முன்னால், 1933, 34-இல், அந்த ஆசிரியரின் சரித்திரத்தைத்தான் சாமிநாதையர் இரண்டு பாகமாக எழுதினார். வரிசை அப்படி.

எம்., நீங்கள் இருபது வருடமாக ஒவ்வொரு புத்தகத்திலும் நாயகனின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள், அது பொருந்தாதபோது வாழ்க்கை சின்னதாகத் தெரிகிறது. இந்த முறை ரெட்டியாரின் திண்ணையில் உட்கார்ந்து படியுங்கள். சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்ட முன்சீப்பின் இடத்திலிருந்து படியுங்கள், அவர் நீதிமன்ற வேலைக்கு நடுவே, தன் வேலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நூலைப் பற்றி ஒரு இளைஞனிடம் கேட்டார், அவ்வளவுதான். பின்னால் சென்னையில் தன் வீட்டில் தங்கவைத்து அச்சு வேலைக்கு உதவியும் செய்தார், புத்தகம் வெளிவந்ததைக் கண்ணால் பார்க்கவும் செய்தார். உங்கள் மகளும் இப்போது ஒரு சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறாள். அதை நீங்கள் மழுப்பாமல் எனக்கு எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம்.

புத்தகத்தை அவளிடம் மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். தினமும் ராத்திரி ஒரு அத்தியாயம், சத்தமாக, மாற்றி மாற்றிப் படியுங்கள், வாராவாரம் வந்த தொடருக்கு அதுதான் சரியான வேகம். கொஞ்சம் பழைய நடை, முதல் பத்து அத்தியாயம் தட்டும், பிறகு பழகிவிடும். செங்கணம் வரும்போது அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.